மேலிருந்து பார்த்தால் ஒரு பிணம்!

போன் அலறியது!

கொஞ்சியிருந்தால் நீங்கள் இந்தக் கதையைக் கீழே வைத்திருப்பீர்கள். அதனால் அலறியது என்றே வைத்துக்கொள்வோம்.

பிக்ஸல் எடுத்தான்.

"பயிர் உதவி மையம். சொல்லுங்க."

மறுமுனையில் ஒரு பெண் மூச்சு வாங்கினாள்.

"சார்... கொஞ்சம் மேலேர்ந்து பாத்துச் சொல்லுங்க. என் வயல்ல பொணம் ஏதாவது இருக்கா?"

பிக்ஸலின் கையிலிருந்த காபி பாதி சட்டையில் இறங்கியது.

பிக்ஸல் என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆபீஸில் வைத்தது. சாட்டிலைட் அனுப்பும் படங்களைக் கண் வீங்க வீங்கப் பார்ப்பது அவன் வேலை. பச்சையாக இருந்தால் பயிர் நலம். மஞ்சளாக இருந்தால் காய்ச்சல். சிவப்பாக இருந்தால்... விவசாயிக்கு போன் போட்டு, "மனசைத் தேத்திக்கோங்க" என்று ஆரம்பிப்பான்.

இத்தனை வயலுக்கும் டாக்டர். ஆனால் வயலில் கால் வைத்ததே இல்லை. சேறு என்றால் அவனுக்கு அலர்ஜி!

"பொணமாம்மா? நாங்க ஈரம், உரம், பூச்சி... இதான் பாக்கறது."

"தெரியும் சார். போன மாசம் வடக்கு மூலைக்குத் தண்ணி போகலைன்னு நீங்கதான் சொன்னீங்க. போய்ப் பாத்தா குழாய் அடைச்சிருந்துச்சு. அவ்வளவு உசரத்துலேர்ந்து குழாய் அடைப்பே தெரியுதுன்னா, ஒரு ஆளைப் புதைச்சா தெரியாதா?"

நியாயமான கேள்வி.

"யாரைம்மா புதைச்சிருக்கு?"

"யாரையும் புதைக்கலை சார். அதைத்தான் நீங்க சொல்லணும். என் வீட்டுக்காரர் போன வாரம் வண்டியை எடுத்துட்டுப் போனவர் திரும்பலை. நான்தான் கொன்னு மக்காச்சோளத்துக்குள்ள புதைச்சுட்டேன்னு அவரோட அண்ணன் போலீஸ்ல சொல்லியிருக்கார். மத்தியானம் பொக்லைன் வருதாம். மொத்த வயலையும் தோண்டப் போறாங்களாம்."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அறுப்புக்கு நிக்கற பயிர் சார். அதுவும் போயி, நானும் ஜெயிலுக்குப் போயிட்டா எனக்குன்னு எதுவும் மிஞ்சாது. எதுவும் இல்லைன்னு ஒரு படம் போட்டுக் குடுங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டறேன்."

பிக்ஸல் நிமிர்ந்து உட்கார்ந்தான். யூரியா எவ்வளவு போடணும் என்று கேட்டே ஓய்ந்துபோன போனில் முதல் முறையாக ஒரு கொலை! உள்ளுக்குள் குதூகலம். வெளியில் கவலை முகம். போனில் முகம் தெரியாது என்பது அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

அவளுடைய வயலைத் திறந்தான்.

புருஷன் காணாமல் போவதற்கு முந்தைய படம். முழுக்கப் பச்சை.

காணாமல் போன மறுநாள் காலைப் படம்...

பிக்ஸலின் முதுகில் ஏதோ ஊர்ந்தது. (இந்த இடத்தில் இடி இடித்தால் நன்றாக இருக்கும். ஏ.சி. மட்டும் லேசாக இருமியது.)

வயலின் நட்டநடுவில் கறுப்பாக ஒரு கட்டம்!

அதற்கு அடுத்த படங்கள் எல்லாமே வெறும் வெள்ளை. வானம் மூடிக் கிடந்த வாரம்.

"பாத்துட்டீங்களா சார்? எதுவும் இல்லைதானே?"

"கொஞ்சம்... நேரம் ஆகும்மா. கூப்பிடறேன்."

வைத்துவிட்டான். திரும்ப அவளைக் கூப்பிடும் எண்ணமே அவனுக்கு இல்லை. கொன்று புதைத்துவிட்டு, மேலேயிருந்து தெரிகிறதா என்று போன் போட்டுக் கேட்டிருக்கிறாளே! என்ன நெஞ்சழுத்தம்!

அவன் அழைத்தது இன்ஸ்பெக்டரை. அந்த இன்ஸ்பெக்டர் அவனுடைய அக்கா புருஷன். தற்செயல் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்த வட்டாரத்தில் இன்ஸ்பெக்டரே அவர் ஒருத்தர்தான்.

"மாமா, ஒரு கொலையைக் கண்டுபிடிச்சிருக்கேன்."

"மாப்ளே, உங்க அக்கா காலைலேர்ந்து பேசலை. காரணத்தை முதல்ல கண்டுபிடி. கொலையை அப்புறம் பாக்கலாம்."

"விளையாடாதீங்க மாமா. சோளக்காரம்மா கேஸ். மொத்த வயலையும் தோண்ட வேண்டாம். எந்த இடத்துல தோண்டணும்னு நான் காட்டறேன்."

மறுமுனையில் நாற்காலி இழுபட்டது.

"நிஜமாவா? படம் பாக்கறதுக்குச் சம்பளம் வாங்கறான்னு உன்னை என்னென்னவோ சொல்லியிருக்கேனே."

"எல்லாம் ஞாபகம் இருக்கு மாமா."

"சரி, கிளம்பி வா. ஷூ போட்டுட்டு வராதே. சேறு."

ஷூ போட்டுக்கொண்டுதான் போனான்.

ஆள் உயரத்துக்கும் மேலே நின்றது மக்காச்சோளம். வரப்பு ஓரம் ஜீப். அதன் பின்னால் பொக்லைன். பக்கத்தில் சோளக்காரம்மா. அழுது சிவந்த கண். கட்டியிருந்த புடவையில் கசங்காத இடமே இல்லை.

கொஞ்சம் தள்ளி, காணாமல் போனவரின் அண்ணன். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கண் என்னவோ காய்ந்துதான் இருந்தது.

"என் தம்பி பச்சைக் குழந்தை சார். சொன்னதைக் கேட்பான், குடுத்ததைச் சாப்பிடுவான். அவனைப் போய்..."

பிக்ஸலின் கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைச் சோளக்காரம்மா பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது.

"நீங்கதானே சார் போன்ல பேசினது? படத்தை நேர்லயே எடுத்துட்டு வந்துட்டீங்களா? சொல்லுங்க சார், இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுங்க."

பிக்ஸல் தன் ஷூவைப் பார்த்தான். அதில் ஏற்கெனவே சேறு.

"மாமா... நடு வயல்ல. நான் வழி காட்டறேன்."

அவள் முகம் மாறியதை அவன் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

கையில் போனை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தான். சோளத் தோகை கன்னத்தை அறுத்தது. பின்னால் பொக்லைன், நின்ற பயிரையெல்லாம் சாய்த்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வரிசை விழும்போதும் சோளக்காரம்மா "ஐயோ, ஐயோ" என்று முனகினாள்.

"இங்க மாமா. கரெக்டா இங்கதான்."

தோண்டினார்கள்.

மண்.

இன்னும் தோண்டினார்கள்.

இன்னும் மண்! நடுவில் ஒரு மண்புழு, 'யாரைத் தேடுறீங்க' என்பது மாதிரி நெளிந்தது.

"இன்னும் கொஞ்சம் ஆழமா, மாமா..."

"மாப்ளே, இதுக்கு மேல தோண்டினா தண்ணிதான் வரும்."

கூட வந்திருந்த ஏட்டு குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"நல்ல மண்ணு சார். கிணறு வெட்ட ஏத்த இடம். தம்பி அதுக்கும் படம் பாப்பாரா?"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பிக்ஸலின் தோளைப் பிடித்து வரப்புக்கு நகர்த்திக்கொண்டு வந்தார்.

"கறுப்பா இருந்துச்சுன்னியே, இங்க எல்லாம் ஒரே பச்சையா இருக்கு. அந்தக் கறுப்பு எங்க போச்சு?"

"அதான் மாமா எனக்கும்..."

"உனக்கும் தெரியலை. அந்தம்மா பயிர் போச்சு. என் மானம் போச்சு. உங்க அக்காகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு இருக்கு."

பிக்ஸலுக்கு அழுகை முட்டியது. நிஜமாகவே முட்டியது. ஏ.சி. அறையில் உட்கார்ந்து, பார்த்தே இராத ஒரு பெண்ணைக் கொலைகாரி என்று முடிவு கட்டிவிட்டோமே என்று இருந்தது. கதாநாயகன் அழக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவனைக் கதாநாயகன் என்று இதுவரை யாரும் சொல்லாததால் இரண்டு சொட்டு விட்டான்.

அண்ணன்காரர் நெருங்கினார்.

"இந்த இடம் இல்லைன்னா வேற இடம் சார். விடாதீங்க. மொத்தத்தையும் தோண்டுங்க."

அப்போது வயல் மீது ஒரு மேகம் நகர்ந்தது. அதன் நிழல் சோளத்தின் மேல் மெதுவாக ஊர்ந்து வந்து, குழியை மூடி, அந்தப் பக்கம் போனது.

பச்சை கறுத்தது. மறுபடி பச்சை ஆனது.

பிக்ஸல் வாயைப் பிளந்தான்.

"மாமா... அது நிழல்."

"எது?"

"படத்துல இருந்த கறுப்பு. நிழல் மாமா, வெறும் நிழல்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். நெற்றியைத் தடவினார். மறுபடி மாட்டினார்.

"நிழலைத் தோண்டறதுக்கா பொக்லைன் வெச்சோம்?"

"ஆமா மாமா."

"நிழல்னா மேல ஒண்ணு இருந்திருக்கணுமே. படத்துல மேகம் இருந்துச்சா?"

"இல்லை. மேகத்தைத் துடைச்சுடுவோம்."

"என்னது?"

"படத்துல வெள்ளைத் திட்டு இருந்தா காசு குடுக்கறவங்களுக்குப் பிடிக்காது மாமா. வயல் தெரியலைன்னு சண்டைக்கு வருவாங்க. அதனால சின்ன மேகம்னா மெஷினே துடைச்சுட்டு, பழைய படத்துலேர்ந்து பச்சையை எடுத்து ஒட்டிடும். மேகத்தைத் துடைக்கும். நிழலைச் சில சமயம் மறந்துடும்."

"அதாவது ஆளைத் துடைச்சுட்டு, கால் தடத்தை மட்டும் விட்டு வெச்சிருக்கீங்க. அதைப் பாத்துட்டு நீ கொலைன்னு ஓடி வந்தே."

இதைவிடச் சுருக்கமாக அவனை யாரும் திட்டியதில்லை.

"துடைக்காத படம் இருக்கா, இல்லை அதையும் துடைச்சாச்சா?"

"இருக்கு. யாரும் அதைப் பாக்க மாட்டோம். அசிங்கமா இருக்கும்."

"எடு. இன்னிக்குப் பூரா அசிங்கத்தைத்தானே பாக்கறோம்."

ஜீப்பின் பானட் மேல் லேப்டாப். பிக்ஸல் அசல் படத்தைத் திறந்தான். இன்ஸ்பெக்டர், ஏட்டு, சோளக்காரம்மா மூன்று பேரும் குனிந்தார்கள். அண்ணன்காரர் மட்டும் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

கறுப்புக் கட்டத்துக்கு மேலே வெள்ளையாக ஒன்று. ஆனால்...

"இது மேகமில்லை மாமா."

"எப்படிச் சொல்றே? இப்படித்தான் காலைலயும் அடிச்சுச் சொன்னே."

"மேகம்னா உருண்டையா, திட்டுத் திட்டா இருக்கும். இது ஒரு பக்கம் ஊசி மாதிரி இருக்கு. போகப் போக அகலமாகுது பாருங்க. இது புகை. மெஷின் இதையும் மேகம்னு நெனச்சுத் துடைச்சிருக்கு."

"ஊசி முனை எங்க இருக்கு?"

பிக்ஸல் விரலை நகர்த்தினான். வயல் தாண்டி, வரப்புத் தாண்டி, பக்கத்து நிலம். அங்கே ஒரு தகரக் கூரை. அதை ஒட்டி ஒரு புள்ளி.

"இந்த நிலம் யாரோடது?"

சோளக்காரம்மா நிமிர்ந்தாள். மெதுவாகக் கையை நீட்டினாள்.

"அவரோடது சார். என் வீட்டுக்காரரோட அண்ணனோடது. அது அவர் கிடங்கு."

அண்ணன்காரர் சிரித்தார்.

"தட்டையைக் கொளுத்தினேன் சார். எனக்கு முன்னாடியே அறுப்பு முடிஞ்சிடுச்சு. கதிர் ஒடிச்ச சோளத்தட்டை காஞ்சு கிடந்துச்சு. விவசாயி தட்டையைக் கொளுத்தறது ஒரு குத்தமா?"

இன்ஸ்பெக்டர் பிக்ஸலைப் பார்த்தார். பிக்ஸல் லேப்டாப்பில் வேறொரு படத்தைத் திறந்தான். மண்ணின் ஈரத்தைக் காட்டும் படம். காலையிலிருந்து முதல் முறையாக அவனுக்குத் தெரிந்த ஒரு விஷயம்!

"காஞ்சு கிடக்கலை மாமா. அதுக்கு முந்தின நாள் நல்ல மழை. இவரோட நிலம் பூரா நீலமா இருக்கு. நீலம்னா சொதசொதன்னு ஈரம். நனைஞ்ச தட்டையை யாராவது கொளுத்துவாங்களா? அதான் இவ்வளவு புகை."

"கொளுத்துவாங்க மாப்ளே," என்றார் இன்ஸ்பெக்டர், "உள்ள இருக்கறது அவசரமா எரியணும்னா."

அண்ணன்காரர் ஒரு அடி பின்னால் வைத்தார். ஏட்டு ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

கிடங்கின் பக்கத்தில் சாம்பல் மேடு. மேலே தட்டை மட்டும் புதிதாகப் பரப்பியிருந்தது. ஏட்டு அதை ஒதுக்கிவிட்டுச் சாம்பலைக் கிளறினார்.

உள்ளே கருகிய இரும்பு. ஒரு ஹேண்டில் பார். இரண்டு சக்கரம், டயர் இல்லாமல்.

"அவரோட வண்டி சார்." சோளக்காரம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். "அன்னிக்கு இதுலதான் போனார். இங்கதான் வந்திருக்கார். பாவி மனுஷா... உன் கூடப் பொறந்தவர்தானே? என்ன பண்ணினே அவரை?"

அண்ணன்காரர் மடித்து வைத்த கைக்குட்டையை மறுபடி எடுத்தார்.

"சார்!" ஏட்டு கிடங்குக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார். "இங்க வாங்க."

ஓடினார்கள்.

குழி! புதிதாக வெட்டிய மண் ஓரத்தில் குவிந்து கிடந்தது. ஓர் ஆள் நீளம். ஓர் ஆள் அகலம்.

காலியாக இருந்தது.

"பொணம் எங்கய்யா?" இன்ஸ்பெக்டர் அண்ணன்காரரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "கிடங்குக்குள்ளயா?"

கிடங்கின் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. ஏட்டு தோளால் இடிக்கத் தயாரானார். சோளக்காரம்மா முகத்தை மூடிக்கொண்டாள். பிக்ஸல் ஜாக்கிரதையாக இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்றான்.

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

கதவு தானாகத் திறந்தது.

பிணம் வெளியே வந்தது! தூங்கி வீங்கிய முகம். கையில் காலித் தட்டு.

"என்ன அண்ணே, இன்னிக்குச் சாப்பாடு இவ்வளவு லேட்டு..."

அப்புறம்தான் காக்கிச் சட்டைகளைப் பார்த்தது. அப்புறம் பெண்டாட்டியை.

சோளக்காரம்மா எழுந்தாள். ஓடி வந்து அவர் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். கன்னம், மூக்கு, காது. எல்லாம் இருந்தது. "இருக்கீங்களா? நிஜமாவே இருக்கீங்களா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அப்படி ஒரு சந்தோஷத்தைப் பிக்ஸல் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

அழுது முடிந்ததும் அந்தக் கையாலேயே ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"யோவ்," என்றார் இன்ஸ்பெக்டர், "நீ செத்துட்டேன்னு நாங்க வயலைத் தோண்டிட்டு இருக்கோம். நீ இங்க என்னய்யா பண்றே?"

புருஷன்காரர் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"அண்ணன்தான் சார் சொன்னார். வயல் இவ பேர்ல இருக்கு. இவ அப்பா குடுத்தது. அண்ணன் நிலத்தோட சேத்துடுன்னு எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டேங்கறா. கொஞ்ச நாள் கேஸு, ஸ்டேஷன்னு அலைஞ்சா வழிக்கு வந்துடுவா, நீ இங்கயே படுத்திருன்னார். பயிரைத் தோண்டுவாங்கன்னு எனக்குத் தெரியாது சார், சத்தியமா."

"சரி. உன்னைக் கொன்னதா அந்தம்மா ஜெயிலுக்குப் போயாச்சுன்னு வெச்சுக்குவோம். அதுக்கப்புறம் நீ எப்படிய்யா உசுரோட வெளிய வருவே?"

புருஷன்காரர் யோசித்தார். நிறைய யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணே... நாம அதைப் பேசவே இல்லையே?"

அண்ணன்காரர் தரையைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டரின் குரல் திடீரென்று தணிந்தது.

"பின்னாடி ஒரு குழி இருக்கே, அது?"

"உரக்குழி சார். சும்மாதானே உக்காந்திருக்கே, வெட்டுன்னார். நானேதான் வெட்டினேன்."

"அளவு?"

"அண்ணன்தான் சொன்னார். நீளம் போதுமான்னு என்னைப் படுத்துக்கூடப் பாக்கச் சொன்னார்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

தட்டு கீழே விழுந்தது.

"புரிஞ்சிடுச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர். "கொலை பண்ணினவ ஜெயில்ல இருப்பா. கேஸு முடிஞ்சிருக்கும். உன்னை யாரும் தேட மாட்டாங்க. அதுக்கப்புறம் உங்க அண்ணன் நிதானமா உன்னைக் கொன்னுக்கலாம். நீயே வெட்டினதுல உன்னையே போட்டு மூடிக்கலாம். உன் பொண்டாட்டி உள்ள, நீ மண்ணுக்குள்ள. வயல் யார் கைக்குப் போகும்?"

புருஷன்காரர் அண்ணனிடமிருந்து விலகி வந்தார். பெண்டாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவளும், கொஞ்ச நேரம் முன்னால் அறைந்த கையால் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அண்ணன்காரரை ஜீப்பில் ஏற்றினார்கள். பச்சைக் குழந்தை என்று யாரையும் அவர் இப்போது சொல்லவில்லை.

பிக்ஸல் சோளக்காரம்மாவின் பக்கத்தில் போய் நின்றான். என்ன சொல்வது என்று தெரியாமல் ஷூவைப் பார்த்தான். ஷூ எது, சேறு எது என்று தெரியவில்லை.

"மன்னிச்சிடுங்கம்மா. உங்களைத்தான் நான் தப்பா... உங்க வயல்ல வெட்டின குழியை நானே வந்து மூடிக் குடுக்கறேன்."

"உங்களுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வேண்டாம் சார். இருக்கற பயிராவது மிஞ்சட்டும். இனிமே எனக்கு மேகத்தோடயே படம் அனுப்புங்க, போதும்."

இன்ஸ்பெக்டர் பிக்ஸலின் முதுகில் தட்டினார். பாராட்டா, அடியா என்று சொல்ல முடியாத ஒரு தட்டு.

"அம்மா, பொய்ப் புகாருக்கு உடந்தைன்னு உங்க வீட்டுக்காரர் மேலயும் கேஸ் போட்டாகணும். ஜீப்ல இடமில்லை. நாளைக்குக் காலைல நீங்களே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. உங்க மேல இருக்கற கொலைக் கேஸை நான் இப்பவே மூடச் சொல்லிடறேன்."

சோளக்காரம்மா புருஷனைப் பார்த்தாள். சாய்ந்து கிடந்த சோளத்தைப் பார்த்தாள். மறுபடி புருஷனைப் பார்த்தாள்.

"கூட்டிட்டு வர்றேன் சார்," என்றாள். "ஆனா அந்தக் கொலைக் கேஸை மட்டும், நாளைக்குக் காலைல வரைக்கும் மூடாம வைங்க."